பிள்ளை வீடா, பெண் வீடா, வானவடியா?

(வானவடியில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை. வெளியூர் உறுப்பினர்களுக்காக ஓரிரு விளக்கங்கள் சேர்க்கப்பட்டுள்ளன.)



நம் செயலாளர் போன மாதம் கூப்பிட்டு, "ஸார், ரிடையர் ஆனவர்கள் வெளிநாட்டில் போய் இருப்பதைப் பற்றி நீங்கள்தான் பேசவேண்டும். உங்களுக்கு இரண்டு நாட்டு அனுபவம் இருக்கிறது" என்றார். அனுபவம் என்று அவர் மரியாதைக்குச் சொன்னார். என் பிள்ளை நியூஜெர்ஸியில் இருக்கிறான், பெண் மெல்பர்னில் இருக்கிறாள். இரண்டு பேரும் "இங்கே வந்துவிடுங்கள்" என்கிறார்கள். நாங்கள் ஏழெட்டு வருஷமாக முடிவு எடுக்காமல் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தோம். அதற்குப் பெயர்தான் அனுபவம்.

நான் வக்கீல் இல்லை, விசா ஏஜென்டும் இல்லை. 34 வருஷம் அரசாங்கக் கணக்குத் துறையில் இருந்தவன். ஒரு விதியைக் கையில் கொடுத்தால் அது என்ன சொல்கிறது, என்ன சொல்லாமல் விடுகிறது என்று படித்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் உண்டு. ஆகவே இன்று நான் சொல்லும் எண்களை நம்பி யாரும் நாளைக்கே மனுப் போட்டுவிட வேண்டாம். ஆஸ்திரேலியாவில் விசாக் கட்டணம் ஜூலைக்கு ஜூலை ஏறுகிறது. அமெரிக்காவில் விதியே மாறுகிறது. போடுவதற்கு முதல் நாள் அந்தந்த அரசாங்கத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

ஆரம்பிக்கும் முன் ஒரு கேள்வி. இந்த ஹாலில் எத்தனை பேருக்குக் குழந்தைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள்? கையைத் தூக்குங்கள். (கிட்டத்தட்ட எல்லோரும்.) சரி. எத்தனை பேருக்கு இரண்டு குழந்தைகள் இரண்டு வெவ்வேறு நாட்டில்? (பாதிக்குக் கொஞ்சம் குறைவு.) இந்தப் பாதிக்காகத்தான் நான் பேச வந்திருக்கிறேன். ஒரே நாட்டில் எல்லாக் குழந்தைகளும் இருக்கிறவர்கள் பாக்கியசாலிகள், அவர்கள் காபி குடிக்கப் போகலாம்.

வெளியூர்க்காரர்களுக்கு வானவடியைப் பற்றி ஒரு வார்த்தை. பூனா கன்டோன்மென்டுக்குத் தெற்கே, ராணுவ மருத்துவக் கல்லூரியும் கமாண்ட் ஆஸ்பத்திரியும் இருக்கிற பேட்டை. பாத்திமா நகர், சாளுங்கே விஹார், ஜாம்புல்கர் சௌக் என்று சொன்னால் பட்டாளத்துப் பென்ஷன்காரர்களுக்குத் தெரியும். மஹாத்ஜி ஷிண்டேயின் சத்ரி இங்கேதான் இருக்கிறது. வடக்கே டில்லி வரைக்கும் ஆட்டி வைத்த அந்த மனுஷர் 1792-ல் பூனாவுக்குத் திரும்பி வந்து, 1794 பிப்ரவரி 12-ம் தேதி இந்த வானவடியில் காலமானார். எங்கே கடைசிக் காலத்தைக் கழிப்பது என்ற கேள்வி அவருக்கும் இருந்ததோ என்னவோ, காலையில் அந்தப் பக்கம் நடக்கும்போது நினைத்துக்கொள்வேன். அவருக்கு விசா தேவைப்படவில்லை.

இனி விஷயம். முதலில் அமெரிக்கா.

என் பிள்ளை 2016-ல் அமெரிக்கக் குடிமகன் ஆனான். ஆன மறு வாரமே, "அப்பா, ஐ-130 போட்டுவிடட்டுமா?" என்று கேட்டான். 21 வயதைத் தாண்டிய அமெரிக்கக் குடிமகன் தன் பெற்றோருக்கு க்ரீன் கார்டு கேட்டு மனுப் போடலாம். இதற்கு வருஷாந்தர எண்ணிக்கை வரம்பு கிடையாது, ஆகையால் வரிசையும் கிடையாது. காகித வேலைக்கு ஆகிற நேரம்தான். இதில் நம்மவர்கள் பலர் தவறிப்போகும் ஒரு இடம் உண்டு: குடிமகனாக இருக்கவேண்டும். க்ரீன் கார்டு வைத்திருப்பவரால் பெற்றோரை அழைக்க முடியாது. ஹெச்-1பி-யில் போய்ப் பதினைந்து வருஷமாக க்ரீன் கார்டுக்கே காத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இந்த ஹாலில் இருப்பவர்களுக்கே எத்தனை பேர்! அவர்களுடைய அப்பா அம்மாவுக்கு இன்றைக்கு இருப்பது பி-2 டூரிஸ்ட் விசா மட்டும்தான். அதற்கும் 2025 செப்டம்பர் முதல் பெரும்பாலும் நேரில் போகவேண்டும். முன்பு 79 வயதைத் தாண்டியவர்களுக்கு இன்டர்வியூ வேண்டாம் என்று இருந்த சலுகை போய்விட்டது.

க்ரீன் கார்டு எளிதாகக் கிடைக்கிறது என்றவுடன் எனக்குச் சபலம்தான். "போடச் சொல்லலாமா?" என்று என் மனைவியைக் கேட்டேன். "முதல்ல ஒரு குளிர்காலம் இருந்து பார்ப்போம்" என்றாள். 2017 அக்டோபரில் போனோம்.

பிள்ளையின் வீடு பெரிய வீடு. மாட்டுப்பெண் தங்கமானவள், அதை இங்கே சொல்லவில்லை என்றால் நான் நன்றி கெட்டவன். பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயில் காரில் அரை மணி. ஓக் ட்ரீ ரோடுக்குப் போனால் கொத்தவரங்காயிலிருந்து விபூதி வரை கிடைக்கிறது. ஆனால் எல்லாமே "போனால்". வீட்டு வாசலில் நடைபாதை கிடையாது. மிக அருகில் உள்ள கடை இரண்டரை மைல். நான் ஒரு மாதத்தில் அங்கே கார் ஓட்டப் பழகிக்கொண்டேன். என் மனைவி இந்தியாவிலேயே ஓட்டியதில்லை. காலை எட்டு மணிக்கு எல்லோரும் கிளம்பிய பிறகு அவளுக்கு ஜன்னல்தான். இங்கே ஜாம்புல்கர் சௌக்கில் காய் விற்கும் மாவ்ஷியிடம் பாவ் கிலோ வெண்டைக்காய்க்குக் கால் மணி நேரம் மராட்டியில் வாதாடுகிறவள், அங்கே நாலு நாள் சேர்ந்தாற்போல் வீட்டுக்கு வெளியே ஒரு மனுஷரிடமும் பேசாமல் இருந்தாள். குறையாகச் சொல்லவும் இல்லை. அதைக் கவனிக்க எனக்கு ஆறு வாரம் ஆயிற்று.

ஜனவரியில் வாசல்படியில் உறைபனியில் வழுக்கி மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்தார்கள், ஒரு குறையும் இல்லை. பில்தான் விசித்திரம். எமர்ஜென்ஸிக்கு ஒன்று, டாக்டருக்கு ஒன்று, எக்ஸ்ரேயைப் படித்தவருக்கு ஒன்று, கட்டுப் போட்டவருக்கு ஒன்று என்று மூன்று மாதம் வரைக்கும் வந்துகொண்டே இருந்தது. கணக்குத் துறைக்காரனான எனக்கே தலை சுற்றியது. விஸிட்டர் இன்ஷூரன்ஸ் இது விபத்து என்பதால் கொடுத்தது. ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, இதயம் என்றால் அந்த பாலிஸிகளில் நிபந்தனை மேல் நிபந்தனை. இங்கேயிருந்து கிளம்பும்போது விலையைப் பார்த்து வாங்குகிறோம். பழைய வியாதிக்கு என்ன எழுதியிருக்கிறது என்ற பத்தியைப் படிப்பதில்லை. அந்த ஒரு பத்திதான் பாலிஸி.

அந்த மூன்று மாதத்தில் உட்கார்ந்து அமெரிக்க மருத்துவ விதிகளைப் படித்தேன். க்ரீன் கார்டு வாங்கியவுடன் அரசாங்க மெடிகேர் கிடைக்காது. 65 வயது ஆகி, க்ரீன் கார்டோடு தொடர்ந்து ஐந்து வருஷம் அங்கே வசித்திருக்கவேண்டும். அதுவும் அங்கே வேலை செய்து வரி கட்டாத நம்மைப் போன்றவர்கள் பிரீமியம் கொடுத்துத்தான் சேரலாம். 2025 கணக்கில் ஆஸ்பத்திரிப் பகுதிக்கு மாதம் 518 டாலர், டாக்டர் பகுதிக்கு 185 டாலர், ஆக ஒரு தலைக்கு 703 டாலர். மருந்துக்குத் தனி. இடையில் உள்ள ஐந்து வருஷத்துக்குச் சந்தையில் இன்ஷூரன்ஸ் வாங்கலாம். பழைய வியாதியைக் காட்டி மறுக்க முடியாது என்பது அவர்கள் சட்டத்தின் பெரிய நல்ல குணம். ஆனால் விலை நம் பென்ஷனுக்கு எட்டாது, பிள்ளைதான் கட்டவேண்டும். இவை எல்லாம் ஆனபிறகும், படுக்கையில் விழுந்தவரைக் குளிப்பாட்டி உடை மாற்றிவிடும் நீண்டகாலப் பராமரிப்பை மெடிகேர் ஏற்காது.

"ஆறு மாசம் அங்கே, ஆறு மாசம் இங்கே" என்று நம் ஆட்கள் சொல்வார்கள். க்ரீன் கார்டு அப்படி வைத்துக்கொள்ளும் அட்டை இல்லை. அது அங்கேயே வசிப்பதற்கு. ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே இருக்க முன்கூட்டியே மறுநுழைவு அனுமதி வாங்கவேண்டும். இந்தியாவில் நீண்ட காலம் தங்கினால் அந்த ஐந்து வருஷக் கணக்கும் சந்தேகத்துக்கு வந்துவிடும். வரி வேறு. க்ரீன் கார்டு வந்த நாளிலிருந்து உலகத்தில் எங்கே வருமானம் வந்தாலும் அமெரிக்காவுக்குக் கணக்குக் காட்டவேண்டும். இங்குள்ள எல்லா வங்கிக் கணக்கும் சேர்ந்து 10,000 டாலரைத் தாண்டினால் தனி அறிக்கை. மியூச்சுவல் ஃபண்டுக்கு அவர்கள் வைத்திருக்கும் வரி முறை மிகக் கடுமை. நம்மவர்கள் ஆயுசெல்லாம் சேர்த்து வைத்திருப்பது அதில்தான்.

அடுத்தது மெல்பர்ன். 2019-ல் ஐந்து மாதம், 2023-ல் ஆறு மாதம் இருந்தோம்.

பெண்ணின் வீடு சின்னது. ஆனால் க்ளென் வேவர்லி ரயில் பாதையில், ஸ்டேஷனுக்குப் பன்னிரண்டு நிமிஷ நடை. இரண்டாவது வாரமே என் மனைவி தனியாக ரயில் ஏறி நகரத்துக்குப் போய்விட்டு வந்தாள். வந்து, என்னவோ எவரெஸ்ட் ஏறியதைப் போல மூன்று நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில் தூரம்தான், அதற்குக் கார் வேண்டும். இருந்தாலும் அன்றாட வாழ்க்கைக்கு யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். தஞ்சாவூரில் இருக்கும் அவள் தங்கையோடு பேச, மெல்பர்னில் சாயங்காலம் என்றால் அங்கே மத்தியானம். நியூஜெர்ஸியில் இருந்தபோது ஒருத்திக்குத் தூக்கம் வரும் நேரம் இன்னொருத்திக்கு விடிகிற நேரம்.

சரி, மெல்பர்ன்தான் என்று முடிவு செய்யலாமே என்றால், சட்டம் குறுக்கே வருகிறது.

நிரந்தரமாகப் போவதற்குப் பணம் கட்டி வாங்கும் 143 என்ற பெற்றோர் விசா இருக்கிறது. அதற்கு முதல் பரீட்சை, குடும்பச் சமநிலை. உங்கள் குழந்தைகளில் பாதிப் பேராவது ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாக இருக்கவேண்டும், அல்லது வேறு எந்த ஒரு நாட்டையும்விட அங்கே அதிகம் பேர் இருக்கவேண்டும். எங்களுக்கு இரண்டில் ஒன்று, பாதி, பாஸ். மூன்று குழந்தைகள், மூன்று நாடு என்றால் பெயில். நம் கூட்டத்தில் அப்படி இரண்டு தம்பதிகள் இருக்கிறார்கள், பாவம், அவர்களுக்கு இது தெரியாமல் ஏஜென்டிடம் முன்பணம் கொடுத்திருந்தார்கள்.

பாஸானவர்களுக்கு இரண்டாவது தடை பணம். மனுப் போடும்போது கட்டுவது சில ஆயிரம் டாலர்தான். விசா கைக்கு வரும் சமயத்தில் ஒருவருக்கு ஏறக்குறைய 43,600 ஆஸ்திரேலிய டாலர் கட்டவேண்டும். தம்பதிக்கு நம் பணத்தில் அரைக் கோடி அளவில் வரும். இதற்குப் பதிலாக வந்த நாளிலிருந்து அவர்களுடைய மெடிகேர் கிடைக்கிறது. முதியோர் பென்ஷனுக்கு மட்டும் பத்து வருஷம் வசித்திருக்கவேண்டும். பணத்தைக்கூடப் புரட்டிவிடலாம், மூன்றாவது தடையைத் தாண்டுவது கஷ்டம். 2024-25-ல் எல்லா வகைப் பெற்றோர் விசாவுக்கும் சேர்த்து அந்த நாடு ஒதுக்கிய இடம் 8,500. இப்போது 143-க்கு மனுப் போட்டால் சுமார் 14 வருஷம் ஆகும் என்று அவர்கள் அரசாங்கமே சொல்கிறது. பணம் அதிகம் கட்டாத பழைய வகைக்கு 30 வருஷத்துக்கு மேல். எனக்கு 72, அவளுக்கு 67. பதினாலு வருஷம் கழித்து 86-லும் 81-லும் மருத்துவப் பரிசோதனையில் தேறவேண்டும். சதாபிஷேகம் முடிந்து ஆறு வருஷம் கழித்து நான் குடியேறப் போகிறேன்!

இந்த இடத்தில்தான் 870 என்ற விசாவைப் பற்றிச் சொல்லவேண்டும். 2019-ல் கொண்டுவந்தார்கள். தற்காலிக விசா. மூன்று அல்லது ஐந்து வருஷத்துக்கு வாங்கலாம். ஆயுளில் மொத்தம் பத்து வருஷம். குடும்பச் சமநிலைப் பரீட்சை இதற்குக் கிடையாது, ஆகையால் மூன்று நாட்டில் மூன்று குழந்தைகள் இருப்பவர்களும் வாங்கலாம். மெடிகேர் கிடையாது, தனியார் இன்ஷூரன்ஸ் வைத்திருக்கவேண்டும். வேலை செய்யக்கூடாது. உடல்நலப் பரிசோதனை உண்டு.

இன்னும் ஒரு ஷரத்து. ஒரு வீட்டார் ஒரு சமயத்தில் இரண்டு பெற்றோரை மட்டுமே அழைக்கலாம். என் பெண்ணின் வீட்டில் இரண்டு ஜோடிப் பெற்றோர் இருக்கிறோம். நாங்கள் ஒரு ஜோடி, மாப்பிள்ளையின் அப்பா அம்மா இன்னொரு ஜோடி. அவர்கள் நாசிக்கில் இருக்கிறார்கள், எங்களைவிட வயதில் மூத்தவர்கள். அவர்களுக்கு மாப்பிள்ளை ஒரே பிள்ளை. இந்த ஷரத்தைப் படித்த அன்று ராத்திரி நான் சரியாகத் தூங்கவில்லை. இரண்டு நாட்டுக்கு நடுவே தேர்ந்தெடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்; சம்பந்தியோடு போட்டி போடுவதாக அல்லவா ஆகிறது?

இங்கிலாந்து, கனடா என்று யாரோ கேட்கிறீர்கள். இங்கிலாந்தில் 2012 ஜூலை முதல் பெற்றோரை வரவழைப்பது ஏறக்குறைய மூடிய கதவு. அன்றாடத் தேவைக்கே பிறர் கை வேண்டும், அந்த உதவி இந்தியாவில் கிடைக்காது என்று நிரூபிக்கவேண்டும். நர்ஸுக்கு ஆள் கிடைக்கிற நம் ஊரில் அதை எப்படி நிரூபிப்பது? கனடாவின் சூப்பர் விசா நல்ல ஏற்பாடு. 2022 ஜூலை முதல் ஒரு தடவைக்கு ஐந்து வருஷம்வரை தங்கலாம், ஆனால் குறைந்தது ஒரு லட்சம் கனடா டாலருக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் வேண்டும். அதைப் பற்றி இந்த மாதிரி அனுபவப்பட்ட வேறு யாராவது எழுதட்டும்.

இப்போது ஒரு தம்பதியைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், வானவடிக்காரர்களே. சிலருக்கு ஊகிக்க முடியும், ஊகித்தாலும் வெளியே சொல்லாதீர்கள். எங்கள் குடியிருப்பில் எதிர்ப் பிளாக்கில் இருந்தவர்கள். மாமாதான் எல்லாம் முடிவு செய்பவர். பிள்ளை அமெரிக்காவில். க்ரீன் கார்டு வாங்கினார்கள், இங்கிருந்த மூன்று அறை ஃப்ளாட்டை விற்றார்கள், சாமான்களைப் பங்கு பிரித்துக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டு ஆட்டுக்கல் அவர்கள் கொடுத்ததுதான். அங்கே போய் மாமா நன்றாகத்தான் இருந்தார். நூலகம், கோயில் கமிட்டி, காலை நடைக் கோஷ்டி. நாலாவது வருஷம் திடீரென்று காலமானார். மாமிக்கு அங்கே மாமாதான் கார், மாமாதான் வங்கி, மாமாதான் பேச்சுத் துணை. பிள்ளையும் மாட்டுப்பெண்ணும் நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள், யாரையும் குறை சொல்வதற்கில்லை. எட்டு மாதத்தில் மாமி திரும்பி வந்துவிட்டாள். திரும்பி வர வீடு இல்லை. அதே பேட்டையில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்து, தன் பழைய வீட்டு பால்கனியில் வேறு யாரோ துணி உலர்த்துவதைப் பார்த்துக்கொண்டு ஒன்றரை வருஷம் இருந்தாள்.

அவளைப் பார்த்துவிட்டு வந்த ஒரு நாள் என் மனைவி சொன்னாள்: "ரெண்டு பேரா இருக்கறச்சே எங்கே இருந்தா என்னன்னா? ஒருத்தர் போனப்புறம் இன்னொருத்தர் எங்கேங்கறதுதான் கேள்வி. அதை யாருமே கேக்கறதில்லே."

ஏழு வருஷம் நான் வரைந்த அட்டவணைகளில் அந்த ஒரு பத்தி இல்லை. வரி, பிரீமியம், சீதோஷ்ணம், விமானக் கட்டணம், கோயில் தூரம் எல்லாம் இருந்தன. எல்லாவற்றுக்கும் தலைப்பில் "நாங்கள்" என்று போட்டிருந்தேன். "நான் மட்டும்", "அவள் மட்டும்" என்று இரண்டு பத்திகள் போட்டுப் பார்த்தால் விடையே மாறிவிட்டது. பெண்களுக்கு ஆயுள் கூட. நம் தலைமுறையில் மனைவி நாலைந்து வயது இளையவள். ஆகவே பெரும்பாலான வீடுகளில் மிஞ்சப்போவது மாமிதான். ஆனால் இந்த மாதிரிக் கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்பது மாமாக்கள். இதோ இப்போதும் மாமிகள் எல்லாம் பின்னால்தான் இருக்கிறார்கள்.

"அவள் மட்டும்" என்ற பத்தியில் நியூஜெர்ஸி தேறவில்லை. பணத்தினால் இல்லை, நடைபாதையினால். அவளே நடந்து போய் ஒரு தேங்காய் வாங்கிவர முடியாத இடத்தில் அவளைத் தனியாக விட்டுவிட்டுப் போக எனக்குச் சம்மதம் இல்லை. இதைப் பிள்ளையிடம் சொன்னபோது அவன் சிறிது நேரம் பேசவில்லை. "அப்போ நான் பண்ணினது எல்லாம் வேண்டாமா அப்பா?" என்று கேட்டான். கீழே ஒரு படுக்கை அறையும் குளியலறையும் எங்களுக்காகவே கட்டியிருந்தான். நான் அதற்கு நல்ல பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அவன் அம்மாதான் போன் செய்து சமாதானம் சொன்னாள். என்ன சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவனோடு வருஷத்துக்கு இரண்டு மாதம் டூரிஸ்ட் விசாவில் போய் இருப்பது என்று ஏற்பாடு. கோடையில் மட்டும், பனியில் இல்லை.

மெல்பர்ன் விஷயத்தில் எடுத்த முடிவு: பத்து வருஷத்தை இப்போது தொடுவதில்லை. இரண்டு பேரும் நடமாடிக்கொண்டிருக்கும்போது 870-ஐ வாங்கினால், 82 வயதில் எனக்கும் தீர்ந்துவிடும், 77-ல் அவளுக்கும் தீர்ந்துவிடும். அப்புறம்தான் தேவை ஆரம்பிக்கும். இப்போதைக்குச் சாதாரண விஸிட்டர் விசாவில் போய்வந்தால் அந்தப் பத்து வருஷம் அப்படியே இருக்கும். இதில் ஒரு அபாயமும் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. 78 வயதில் மனுப் போடும்போது உடல்நலப் பரிசோதனையில் தேறாமல் போகலாம். சேமித்து வைத்த காசு செல்லாக் காசாகலாம். தெரிந்தேதான் அந்தத் துணிச்சலை எடுத்திருக்கிறோம், ஏனென்றால் மூன்றாவது ஏற்பாடு ஒன்று கையில் இருக்கிறது: வானவடி.

வீட்டை விற்கவில்லை, விற்கப்போவதும் இல்லை. ஆனால் மூன்றாவது மாடியில் லிஃப்ட் இல்லாத அந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, சௌக்குக்குக் கிட்டத்தில் தரைத் தளத்தில் சின்ன ஃப்ளாட் ஒன்றுக்கு மாறிவிட்டோம். நான் சி.ஜி.எச்.எஸ். பென்ஷனர், ஆகையால் இங்கே வைத்தியத்துக்கு வழி உண்டு. பிள்ளை வீட்டுக்குப் போன இடத்தில் வரும் செலவுக்கு அது உதவாது. அந்த வசதி இல்லாதவர்களுக்கு 2024 அக்டோபர் முதல் 70 வயது ஆன எல்லோருக்கும் ஆயுஷ்மான் பாரத்தில் வருஷம் 5 லட்சம் வரை ஆஸ்பத்திரிச் செலவு கிடைக்கிறது, வருமான வரம்பு கிடையாது. 65-க்கு மேல் புது மெடிக்ளெய்ம் கிடைக்காது என்பது பழைய கதை. 2024 ஏப்ரல் முதல் அந்த வயது வரம்பு போய்விட்டது, 2025 செப்டம்பரில் தனிநபர் பாலிஸி பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி.யும் போய்விட்டது. பிரீமியம் இன்னும் அதிகம்தான், இல்லையென்று சொல்லவில்லை.

நிரந்தரமாகக் கிளம்புகிறவர்கள் மறக்கும் சில்லறை விஷயங்கள் உண்டு. வெளிநாட்டில் நிரந்தரவாசி ஆனதும் இங்குள்ள சேவிங்ஸ் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றவேண்டும். சீனியர் சிடிசன் சேவிங்ஸ் திட்டத்தில் அதற்குப் பிறகு புதிதாகப் போட முடியாது. க்ரீன் கார்டாலோ ஆஸ்திரேலிய நிரந்தர விசாவாலோ இந்தியக் குடியுரிமை போகாது; அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கினால்தான் போகும், ஓ.சி.ஐ. அட்டை வாங்கினாலும் ஓட்டு கிடையாது. நவம்பரில் கொடுக்கும் உயிர்ச் சான்றிதழை இப்போது போன் முன்னால் முகத்தைக் காட்டியே கொடுத்துவிடலாம். மெல்பர்னிலிருந்து நான் கொடுத்தேன். மூன்றாவது முயற்சியில்தான் நான் உயிரோடு இருப்பதை அது ஒப்புக்கொண்டது.

"நான் மட்டும்" என்ற பத்தியை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அவள் முந்திக்கொண்டால் நான் எங்கே என்று கேட்டேன். "உங்களுக்கு எங்கே இருந்தாலும் ஒண்ணுதான், சமைக்கத் தெரியாது, யாராவது போடணும்" என்றாள். ரோஷம் வந்துவிட்டது. ஆறு மாதமாகச் சமையல் கற்றுக்கொள்கிறேன். ரசம் வந்துவிட்டது. சாம்பாரில் புளி இன்னும் கைக்கு வரவில்லை.

சம்பந்தி விஷயம் மட்டும் பாக்கி. அதை மாப்பிள்ளையும் பெண்ணும் எங்களுக்கு நடுவே நின்று தீர்க்கவேண்டிய சங்கடத்தை அவர்கள் தலையில் கட்ட நான் விரும்பவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்களே நாசிக் போகிறோம். இரண்டு ஜோடியில் யார் முதலில் தனியாகிறார்களோ அவர்களுக்கு அந்த இடம் என்று நானே கேட்கலாம் என்று இருக்கிறேன். இரண்டு பாட்டிகள் ஒரே வீட்டில் இருக்கலாம், சட்டத்துக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஒரு சமயத்தில் இரண்டு பேர் என்றுதான் சொல்கிறது, ஒரே ஜோடியாக இருக்கவேண்டும் என்று சொல்லவில்லை. என் மனைவி இதைக் கேட்டுவிட்டு, "அந்த மாமிக்குக் காபி ரொம்ப ஸ்ட்ராங்கா வேணும், எனக்கு ஆகாது" என்றாள். மற்றபடி ஆட்சேபம் சொல்லவில்லை.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். பின்வரிசையிலிருந்து முதலில்.